தன் வீட்டுப் பூட்டை உடைக்கப் போனவர்

பூட்டுக்காரரைக் கூப்பிடுகிறவர்கள் யாரும் நிதானமாகக் கூப்பிட்டது கிடையாது. குழந்தை குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொண்டது, அடுப்பில் பால் இருக்கும்போது காற்றில் கதவு சாத்திக்கொண்டது, கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரத்தில் பீரோ சாவி தொலைந்தது என்று உலகத்தின் பதற்றம் எல்லாம் அவர் போனுக்குள்தான் வந்து விழும். அதனாலேயே அவர் நிதானமான மனிதராகிவிட்டார். "வர்றேன், கதவு எங்கேயும் ஓடிப் போகாது" என்பார். முப்பது வருஷமாக அதே பதில்.

மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் மாடிப்படிக்குக் கீழே இருந்த முக்கோணப் பொந்துதான் அவர் கடை. உள்ளே நிமிர்ந்தால் தலை இடிக்கும். குனிந்து குனிந்தே பழகி, வெளியே வானம் முழுக்கக் காலியாக இருக்கும்போதும் குனிந்தே நடப்பார். பார்க்கிறவர்கள் பணிவு என்று நினைத்துக்கொள்வார்கள்.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. பூட்டைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்துவிடுவார். "கதவு வரைக்கும்தான் நம்ம வேலை. உள்ள எட்டிப் பார்க்கிறது வேற ஆளுங்க தொழில்" என்று சிரிப்பார்.

அவர் மனைவி நகரத் தண்ணீர் அலுவலகத்தில் புகார் பிரிவு. பத்தொன்பது வருஷமாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குழாயில் காற்று மட்டும் வருகிறது என்று கத்துகிறவர்களிடம் பேசி வருகிறாள். எதிராளியின் குரல் ஏற ஏற அவள் குரல் இறங்கும். ஒரு கட்டத்தில் அவள் பேசுவதைக் கேட்பதற்காகவே அவன் வாயை மூட வேண்டியிருக்கும். வீட்டிலும் அதே பழக்கம். "சட்டையில பட்டன் இல்லையே" என்று பூட்டுக்காரர் குரல் எழுப்பினால், "உங்க புகார் பதிவாயிடுச்சு, ரெண்டு வேலை நாளுக்குள்ள சரி பண்ணப்படும்" என்று உள்ளிருந்து பதில் வரும்.

இரண்டு அறை, ஒரு சமையலறை, கதவைத் தூக்கிச் சாத்த வேண்டிய ஒரு குளியலறை. இப்படி ஒரு மாடி வீட்டில் அவர்கள் பதினோரு வருஷமாக வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் வேறு ஊரில் இருந்தார். தேனொழுகப் பேசுவார். "உங்களை நான் வாடகைக்காரங்களாவா பார்க்கிறேன்? என் கூடப்பிறந்தவங்க மாதிரி" என்பார். வாடகை ஒரு நாள் தாமதமானாலும் கூடப்பிறந்தவர்களுக்குப் போன் செய்வார், அது வேறு விஷயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். வீட்டுக்காரருக்கு முகம் வாடிவிட்டது.

"நமக்குள்ள எதுக்கும்மா பத்திரம் கித்திரம் எல்லாம்?"

"நமக்குள்ளன்னாதான் சார் வேணும். சண்டைக்காரங்களா இருந்தா கோர்ட்டே எழுதிக் கொடுத்துடும்."

வீட்டுக்காரர் வேண்டாவெறுப்பாகக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பத்திரம் 'கோப்பு எண் நான்கு' என்று எழுதிய நீல அட்டைக்குள் போனது. பூட்டுக்காரர் அதோடு அதை மறந்துவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். போன் வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாக ஓர் இளைஞன் சொன்னான். கடன் கட்டாத வீடு, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது, பூட்டை உடைத்துப் புதுப் பூட்டு போட வேண்டும், உடனே வர வேண்டும். பூட்டுக்காரருக்கு இது புதிதல்ல. வருஷத்துக்கு நாலைந்து இப்படி வரும். முகவரியை அனுப்பச் சொன்னார். கையெல்லாம் எண்ணெயாக இருந்ததால், ஜெராக்ஸ் கடைப் பெண்ணைப் படித்துச் சொல்லச் சொன்னார்.

அவள் படித்தாள். ஒரு முறை நிறுத்தினாள். மறுபடி மனசுக்குள் படித்தாள்.

"அண்ணே, இது உங்க தெரு."

"தெருவுல நாப்பது வீடு இருக்கேம்மா."

"கதவு நம்பரும் உங்களோடதுதாண்ணே."

"தப்பா அடிச்சிருப்பாங்க. பையன் குரல் சின்ன வயசா இருந்துச்சு."

"முதல் மாடின்னு போட்டிருக்கு."

"முதல் மாடி எல்லா வீட்லயும்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம், பாவம், யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரன் மாட்டிக்கொண்டான் என்றுதான் நினைத்துக்கொண்டே நடந்தார். தன் தலையில் இடி விழும் என்று யார்தான் நம்புகிறார்கள்? அடுத்த தெருவில்தான் விழும் என்று வானிலை அறிக்கையே சொன்னது மாதிரி நடப்போம்.

அவர் வீட்டு மாடிப்படியில் கழுத்தில் டை கட்டிய வங்கி அதிகாரி நின்றிருந்தான். கூட இரண்டு ஆட்கள். ஒருவன் கையில் பசை வாளி, இன்னொருவன் கையில் சுருட்டிய தாள்.

"பூட்டுக்காரர்தானே? சீக்கிரம் சார். இன்னும் ரெண்டு வீடு இருக்கு."

பூட்டுக்காரர் கதவைப் பார்த்தார். கதவு அவரைப் பார்த்தது. பதினோரு வருஷப் பழக்கம் இருவருக்கும்.

"சார், இந்தப் பூட்டை உடைக்கிறது ரொம்பக் கஷ்டம்."

"ஏன்?"

"நான் போட்டது."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்ப சுலபமாத் திறந்துடுவீங்களே!"

"திறக்கலாம் சார். சாவியே இருக்கு." பூட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"பிரமாதம்! நீங்க போட்ட பூட்டுக்கெல்லாம் ஒரு சாவி வெச்சுக்குவீங்களா?"

"இல்ல சார். இதுக்கு மட்டும்தான்."

உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. அதிகாரி மூக்கைச் சுருக்கினான். "பக்கத்து வீட்ல சமைக்கிறாங்க போல" என்றான்.

அப்போதுதான் கதவு உள்ளிருந்து திறந்தது. அன்று மனைவிக்கு மதிய ஷிப்ட். கையில் கரண்டியோடு நின்றாள்.

"என்னங்க, எதையாவது மறந்துட்டீங்களா?"

பூட்டுக்காரருக்குத் தொழில் பழக்கம் விடவில்லை. கதவு திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டடி நகர்ந்து நின்றார். பிறகுதான், திருப்பிக்கொண்ட முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்.

அதிகாரி திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி நின்றான். "இது... காலி வீடுன்னு எங்க ரெக்கார்டுல இருக்கு" என்றான்.

"நானும் கேஸ் அடுப்பும் இருக்கோம். எண்ணிப் பார்த்துக்கோங்க" என்றாள் மனைவி. பிறகு அவள் குரல் இறங்கியது. பூட்டுக்காரர் அதைக் கவனித்தார், அதிகாரிக்காக ஒரு கணம் இரக்கப்பட்டார். "உங்க பேரு சார்? பதவி? எந்தக் கிளை? எந்த உத்தரவுப்படி வந்திருக்கீங்க? அதுல எங்க பேரு எந்த வரியில இருக்கு?"

"இருங்கம்மா, ஒண்ணொண்ணாக் கேளுங்க..."

"நான் ஒண்ணொண்ணாத்தான் கேட்டேன். நீங்கதான் ஒண்ணுக்கும் பதில் சொல்லல."

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஒப்பந்தம் பதிவான அடுத்த வருஷமே, வீட்டுக்காரர் இந்த வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். வீடு காலியாக இருக்கிறது என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கடனைக் கட்டவில்லை. இப்போது வங்கி வீட்டை எடுத்துக்கொண்டு ஏலம் விடப் போகிறது.

"நாங்க ஏழு நோட்டீஸ் அனுப்பியிருக்கோம்மா" என்றான் அதிகாரி, கொஞ்சம் தெம்பாக.

"யாருக்கு?"

"ஓனருக்கு."

"எந்த விலாசத்துக்கு?"

அதிகாரி தாளைப் பார்த்தான். தெம்பு இறங்கியது. "இந்த விலாசத்துக்குத்தான்."

மனைவி உள்ளே போய், குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து நாடா போட்டுக் கட்டிய ஏழு உறைகளைக் கொண்டுவந்தாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அடுத்தவர் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரிக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னபோதெல்லாம், "வெச்சிருங்கம்மா, வரும்போது வாங்கிக்கிறேன்" என்றிருந்தார்.

அதிகாரி வேர்த்துக்கொண்டே, ஒரு வாரத்தில் காலி செய்துவிடுங்கள் என்றான். மேலிடத்து உத்தரவு, தன் கையில் எதுவும் இல்லை என்றான். பசை வாளிக்காரன் நோட்டீஸைக் கதவில் ஒட்டினான். சரியாகச் சாவித் துவாரத்தின் மேல் ஒட்டினான். பூட்டுக்காரரால் அதை மட்டும் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, ரெண்டு விரக்கடை இடது பக்கம் தள்ளி ஒட்டுப்பா. துவாரத்துல பசை இறங்கினா பூட்டுக்குள்ள இருக்கிற லீவர் ஒட்டிக்கும்."

அவனும் நல்ல பையன். உரித்து, தள்ளி ஒட்டினான்.

அவர்கள் போன பிறகு வீட்டுக்காரருக்குப் போன் செய்தார்கள். எண் உபயோகத்தில் இல்லை என்றது. பதினோரு வருஷ உறவு, ஒரு பதிவுசெய்த குரலில் முடிந்துபோனது.

சாயங்காலம் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை, தெரிந்த விஷயமும் இல்லை.

"மாமா, முதல்ல வாடகையை நிறுத்துங்க. ரெண்டாவது, உள்பக்கம் பூட்டிக்கிட்டு யாரு வந்தாலும் திறக்காதீங்க. மூணாவது, தண்ணிய நிறுத்திடுவாங்க. இப்பவே பிடிச்சு வெச்சுக்கணும்."

தன் அக்கா தண்ணீர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள் என்பதையெல்லாம் அவன் யோசிக்கவில்லை. அவள் ஷிப்ட் முடிந்து வந்து குளிப்பதற்குள் வாளி, குடம், குக்கர், பூந்தொட்டி என்று பூட்டுக்காரரின் மழைச் செருப்பைத் தவிர எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டான். அன்று சோறு வடிக்கப் பாத்திரம் கிடைக்காமல் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பூட்டுக்காரர் ரொட்டியை மென்றுகொண்டிருந்தார். வீடு போவதை விட வேறொன்று அவரை அரித்தது. போன வருஷம் இதே மாதிரி ஒரு வங்கி வேலைக்குப் போயிருந்தார். ஆள் இல்லாத வீடு என்றார்கள். திறந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கத்தில் பால்கனிக் கொடி இருந்தது. அதில் பள்ளிக்கூடச் சட்டைகள் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. அவர் கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அன்னைக்கு நான் கேட்டிருக்கலாம்" என்றார்.

மனைவிக்கு அது என்ன ஏது என்று தெரியும். அவர் அப்போதே சொல்லியிருந்தார். "இப்ப நமக்காகவாவது கேட்போம்" என்றாள். "நாளைக்கு லீவு போட்டிருக்கேன். சட்ட உதவி மையத்துக்குப் போறோம்."

இலவசச் சட்ட உதவி மையம், ஒரு பழைய கட்டடத்தின் பின்புற அறை. வழக்கறிஞர் அம்மாவுக்குக் கடும் ஜலதோஷம். பேச்சுக்கு நடுவே தும்முகிறாரா, தும்மலுக்கு நடுவே பேசுகிறாரா என்று சொல்ல முடியாது. கைக்குட்டை எடுக்க மேஜை இழுப்பறையை இழுத்தார், அது வரவில்லை. பூட்டுக்காரர் அனுமதி கேட்காமலே மண்டிபோட்டு, இழுப்பறையோடு மல்லுக்கட்டத் தொடங்கினார். சட்டம் முழுவதையும் அவர் மேஜைக்கு அடியிலிருந்தே கேட்டுக்கொண்டார்.

கோப்பு எண் நான்கைப் புரட்டிய வழக்கறிஞர் அம்மாவின் கண்கள் விரிந்தன.

"பதிவு பண்ணியிருக்கீங்களா? அதுவும் அடமானத்துக்கு முன்னாடியே? யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்லீங்க. பதிவு பண்ணாத புகார் புகாரே இல்லைன்னு எங்க ஆபீஸ்ல சொல்வோம்."

வழக்கறிஞர் அம்மா இரண்டு தும்மல் போட்டுவிட்டு விளக்கினார். கடன் வீட்டுக்காரருடையது, வாடகைக்காரருடையது அல்ல. ஒப்பந்தம் முதலில், அடமானம் பிறகு. அதனால் வங்கி வீட்டை எடுத்தாலும் ஒப்பந்தத்தோடு சேர்த்துத்தான் எடுக்க முடியும். வீட்டுக்காரர் இருந்த இடத்தில் இனி வங்கி உட்காரும், அவ்வளவுதான். இவர்களை விசாரித்து, இவர்கள் பெயர் போட்டு நீதிமன்றம் உத்தரவு தராமல் பூட்டை மாற்றவோ, தண்ணீரை நிறுத்தவோ, சாமானை வெளியே வைக்கவோ முடியாது.

"ஆனா எல்லாருக்கும் இப்படி அமையாது. கடனுக்கு அப்புறம் எழுதின ஒப்பந்தம்னாலோ, எழுத்தே இல்லைன்னாலோ கதை வேற. அவங்களும் முன்னறிவிப்பு கேட்கலாம், போராடலாம். ஆனா கஷ்டம்."

"வாடகையை நிறுத்திடச் சொல்லி என் தம்பி சொல்றான்" என்றாள் மனைவி.

"உங்க தம்பியை இந்தப் பக்கமே கூட்டிட்டு வராதீங்க. வாடகையை நிறுத்தினா அவங்க கையில நீங்களே கத்தியைக் கொடுத்த மாதிரி. யார்கிட்ட கட்டணும்னு எழுத்துல கேட்போம். அதுவரைக்கும் கோர்ட்ல கட்டிடலாம். ரசீது ஒண்ணு விடாம வைங்க."

மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அப்ப வீட்டை வித்தாலும் நாங்களும் சேர்ந்து கைமாறுவோமா? மேஜை நாற்காலி மாதிரி?"

"மேஜை நாற்காலியை வெளியே தூக்கி வைக்கலாம் சார். உங்களை முடியாது."

படக்கென்று இழுப்பறை திறந்துகொண்டது. உள்ளே கைக்குட்டைகளோடு, நாலு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த இன்னொருவர் வழக்கின் வாரிசுச் சான்றிதழும் இருந்தது. வழக்கறிஞர் அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வாரம் முடிவதற்குள் தடை கேட்டு மனு போட்டார்கள். நீதிமன்றத்தில் வங்கியின் வக்கீல் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். கடன் கொடுக்கும் முன் வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார், வீடு காலி என்று அறிக்கை கொடுத்திருக்கிறார், இந்த ஒப்பந்தமே பின்னால் ஜோடித்ததாக இருக்கலாம் என்றார். மதிப்பீட்டாளரும் பின்வரிசையில் கோப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று ஞாபகம் வந்தது.

"ஐயா, இவர் எங்க வீட்டுக்கு வந்தார். பெயின்ட் அடிக்க அளவெடுக்க ஆள் வரும்னு வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இவர்தான் வந்தார். எங்க சோபாவுல உட்கார்ந்து ரெண்டு கப் டீ குடிச்சார்."

"ரெண்டு இல்லம்மா, ஒண்ணரை" என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "காலி வீட்டில் உங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தது யார்?" என்று கேட்டார். எழுந்து நின்ற மதிப்பீட்டாளர் தன் நாக்கைத் தானே வாடகைக்கு விட்டவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். வங்கியின் வக்கீல் எதையோ தேடுவதுபோல் கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பதிவுப் புத்தகத்திலிருந்த தேதியையும் பார்த்தபின் உத்தரவு வந்தது. ஒப்பந்த காலம் முடியும்வரை அவர்கள் அங்கேயே இருக்கலாம். வாடகையை வங்கியிடம் கட்ட வேண்டும். முடிந்த பிறகும் முறையான அவகாசம் தராமல் வெளியேற்றக் கூடாது. வீட்டை வங்கி தாராளமாக விற்கலாம், இவர்களோடு சேர்த்து.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை வங்கிக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வீட்டுக்காரர் இடத்தில் உட்கார்ந்தால் வீட்டுக்காரர் வேலையையும் செய்ய வேண்டும் அல்லவா? சமையலறைக் கூரை ஒழுகியது. மனைவி கிளைக்குப் போன் செய்தாள். கிளை தலைமையகத்தைக் கேட்கச் சொன்னது. தலைமையகம் கிளையைக் கேட்கச் சொன்னது. அவள் இருவரையும் ஒரே இணைப்பில் கோத்துவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை காய் நறுக்கினாள். அடுத்த நாள் டை கட்டிய அதிகாரியே கொத்தனாரோடு வந்து நின்றான். கடன் பிரிவில் சேர்ந்தவன், மூன்று மாதத்தில் கூரை, குழாய், சாக்கடை எல்லாவற்றிலும் தேறிவிட்டான்.

"அக்கா, பேங்க் பரீட்சையில இதெல்லாம் கேட்கவே இல்லக்கா" என்றான் ஒரு நாள், கையில் குழாய் வாஷரோடு.

வீடு பார்க்க ஆட்களும் வந்தார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்று ஏற்பாடு. வந்தவர்களிடம் மனைவி எதையும் மறைக்க மாட்டாள். இந்த மூலையில் மழைக்கு ஓதம் காணும், குளியலறைக் கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டும், நாங்கள் இன்னும் இரண்டரை வருஷத்துக்கு இங்கேதான் இருப்போம் என்பாள். கடைசியைக் கேட்டதும் பாதிப் பேர் டீகூடக் குடிக்காமல் இறங்கிவிடுவார்கள்.

"அக்கா, கொஞ்சம் நல்லதாவும் சொல்லுங்களேன்" என்று அதிகாரி படியில் நின்று கெஞ்சுவான்.

"பூட்டு நல்லா இருக்கும்னு சொல்றேனே தம்பி."

இதற்கிடையில் பூட்டுக்காரரின் தொழிலும் கொஞ்சம் மாறியது. வேறு வங்கிகள் கூப்பிட்டால், "உள்ள யாரு இருக்கா? விசாரிச்சீங்களா? உத்தரவை அனுப்புங்க, படிச்சுட்டு வர்றேன்" என்றார். போய் நின்றாலும் கருவியை எடுக்குமுன் கதவைத் தட்டினார், ஒன்றுக்கு மூன்று முறை. இரண்டு வங்கிகள் அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டன. ஒரு முறை தட்டியபோது உள்ளேயிருந்து ஒரு கிழவர் வந்து திறந்தார். பூட்டுக்காரர் அவரைக் கையோடு சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிப் போனார். அவரிடம் ஒப்பந்தம் எழுத்தில் இல்லை. ஆனாலும் வழக்கறிஞர் அம்மா போராடி மூன்று மாத அவகாசம் வாங்கினார். மூன்று மாதம் பெரிய வெற்றி இல்லைதான். ஆனால் கிழவர் அதற்குள் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டார்.

கடைசியில் வீட்டை வாங்கியது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒரு பெண். அறுபதைத் தொடும் வயது. ஓதம், கதவு, இரண்டரை வருஷம் எல்லாவற்றையும் நின்று கேட்டாள்.

"நான் ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம் இருக்குங்க. அதுவரைக்கும் குவார்ட்டர்ஸ்தான். பூட்டிப் போட்டா வீடு கெட்டுடும். ஆள் இருக்கிற வீடுதான் எனக்கு வேணும்" என்றாள். படியில் நின்ற அதிகாரிக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்திரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். தன் வீட்டு வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டாள். உள்ளே வந்து டீ குடித்துவிட்டு, இங்கேயிருந்து துறைமுகம் தெரியுமா என்றாள். மொட்டைமாடிக்குப் போனால் தெரியும் என்று மூவரும் ஏறினார்கள்.

தூரத்தில் கடலோரமாக நாலு கிரேன்கள் நின்றன.

"அதோ, அந்த மஞ்சள் கிரேன்தான் என்னோடது" என்று அவள் கையை நீட்டினாள்.

நாலுமே மஞ்சளாகத்தான் இருந்தன. எது என்று கேட்கப் பூட்டுக்காரருக்குக் கூச்சமாக இருந்தது. மனைவியைப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக எல்லோரையும் கேள்வி கேட்டே பிழைத்தவள், அன்று ஒன்றும் கேட்காமல் கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"நல்ல உயரம்ங்க" என்றாள்.